ஸ்ரீரங்கப்பட்டணம் பெயரில் ஒரு சீமைப் பட்டம்

சித்தூரிலிருந்து கிழக்கே கொழிஞ்சாம்பாறை வழியாகப் போனால் வேலந்தாவளத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். மேற்கே போனால் பாலக்காடு. அங்கே இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. பிழைப்புக்காக இங்கு வந்து குடியேறிய தமிழர்களுக்கு இந்த இரண்டு வழிகளும் மனப்பாடம்.

எல்லைக்கு அப்பால் இருக்கும் கோவைச் சீமை, மைசூர் அரசின் கையிலிருந்து கும்பெனியின் கைக்கு மாறியது 1799-ஆம் ஆண்டில். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட ரயில் பாதையின் முதல் பகுதி திறக்கப்பட்டது 1856-ஆம் ஆண்டில். இரண்டுக்கும் நடுவே 57 ஆண்டுகள். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரே குடும்பத்தின் பெயர் அடிபடுகிறது. 1799-இல் படை நடத்தியவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். 1856-இல் சென்னையில் கவர்னராக இருந்தவர் அவருடைய பேரன் ஹாரிஸ் பிரபு.

இந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைப் பட்டம் ஒன்று உண்டு. அந்தப் பட்டத்தின் முழுப் பெயரில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள பெல்மான்ட் என்ற இடம் வருகிறது. அதற்கு முன்னால் வேறு இரண்டு பெயர்கள் வருகின்றன: ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர். அந்த ஊர்களை ஹாரிஸ் குடும்பம் ஒரு நாளும் ஆண்டதில்லை. பிறகு அந்தப் பெயர்கள் அவர்கள் பட்டத்தில் எப்படி ஏறின?

பாதிரியார் மகன்

முதல் ஹாரிஸ் பிரபு பிறக்கும்போது பிரபு அல்ல. கென்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சம்பளம் குறைந்த உதவிப் பாதிரியார் ஒருவரின் மகனாக 1746-இல் பிறந்தார். சிறு வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பியபோது அங்கே அனுப்பப்பட்டார். 1775-இல் பங்கர் ஹில் சண்டையில் தலையில் குண்டடி பட்டது. மண்டை ஓட்டைத் துளைத்துச் செய்த சிகிச்சையில் உயிர் பிழைத்தார்.

அமெரிக்காவைப் பிரிட்டன் இழந்தது. ஹாரிஸுக்கு இந்தியா கிடைத்தது. திப்பு சுல்தானுடன் கும்பெனி நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரில் அவரும் இருந்தார். அந்தப் போரின் தொடக்கத்தில், 1790-இல், பாலக்காட்டுக் கோட்டை கும்பெனி வசமாயிற்று. ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டை அது. கோவைக்கும் மலபாருக்கும் நடுவே உள்ள கணவாயைக் காத்து நின்ற அந்தக் கோட்டை, முன்பே இருமுறை கும்பெனி கைக்குப் போய் மைசூரிடமே திரும்பியிருந்தது. 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி மலபாரும் சேலமும் திண்டுக்கல்லும் கும்பெனிக்குப் போயின. கோவை மட்டும் திப்புவிடமே நின்றது. சித்தூரோ கொச்சி ராஜாவின் நாடு. சக்தன் தம்புரான் அப்போது கொச்சியை ஆண்டார். கும்பெனிக்குக் கப்பம் கட்டும் உடன்படிக்கையில் கொச்சி அதற்குள் கையெழுத்திட்டிருந்தது.

1798-இல் ஹாரிஸ் சில மாதங்கள் சென்னையில் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வேலூரிலிருந்து பெரும்படை ஒன்று அவர் தலைமையில் மைசூரை நோக்கிப் புறப்பட்டது. நிஜாமின் படையும் சேர்ந்துகொண்டது. கண்ணூரிலிருந்து பம்பாய்ப் படை குடகு வழியாக வந்தது. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை உடைக்கப்பட்டது. திப்பு போரிட்டு மடிந்தார்.

லட்சம் பவுன்

அந்தக் காலத்துப் போர்களில் பிடிபட்ட நகரின் செல்வத்தைப் படையினர் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். அதற்கென்றே கமிட்டி இருக்கும், கணக்கு இருக்கும். பதவிக்குத் தக்கபடி பங்கு. சேனாபதி ஹாரிஸுக்குக் கிடைத்தது ஒரு லட்சம் பவுனுக்கும் மேல். அதே கோட்டைச் சுவரில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது சில பவுன்கள்தான். சென்னைப் பட்டாளத்தில் இருந்த அந்தச் சிப்பாய்களில் தமிழர்களும் உண்டு, தெலுங்கர்களும் உண்டு.

ஹாரிஸ் எடுத்துக்கொண்ட பங்கு அதிகம் என்று கும்பெனி டைரக்டர்களே தகராறு செய்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து கடைசியில் ஹாரிஸ் பக்கம் தீர்ந்தது. இதற்கிடையில், 1801-இல், அவர் கென்ட்டில் பெல்மான்ட் மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கிவிட்டார். உதவிப் பாதிரியாரின் மகன் சொந்த மாவட்டத்தில் பெரிய நிலக்கிழார் ஆனார்.

பணம் வந்தது. பட்டம் உடனே வரவில்லை. அயர்லாந்துப் பிரபுப் பட்டம் தருகிறோம் என்றபோது ஹாரிஸ் மறுத்துவிட்டார். அயர்லாந்துப் பட்டத்துக்கு லண்டன் பிரபுக்கள் சபையில் தானாக இடம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கும் அயர்லாந்துப் பட்டம்தான் கிடைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் மனக்குறை தீரவே இல்லை. ஹாரிஸ் பொறுத்திருந்தார். 16 ஆண்டுகள் கழித்து, நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற 1815-ஆம் ஆண்டில், பிரிட்டனின் பாரன் பட்டம் அவருக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் அப்போதுதான் பட்டத்தில் ஏறின.

பட்டத்தோடு குடும்பச் சின்னமும் உண்டு. ஹாரிஸ் சின்னத்தின் உச்சியில் ஒரு புலி நிற்கிறது. புலி திப்புவின் அடையாளம். ஆனால் சின்னத்தில் உள்ள புலியின் மார்பில் அம்பு பாய்ந்திருக்கிறது. நெற்றியில் பாரசீக எழுத்தில் ஹைதரின் பெயர். இருபுறமும் கொடி பிடித்த சிப்பாய்கள் இருவர். ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் கீழைநாட்டவர். திப்புவின் கொடி கீழே, வென்றவர் கொடி மேலே. தோற்றவரின் அடையாளத்தையே வென்றவர் தம் வீட்டு முத்திரையாக்கிக்கொண்டார்.

மகனுக்கா, மருமகனுக்கா?

பிரிட்டனில் பிரபுக்களுக்கு ஐந்து படிகள். மேலே டியூக், பிறகு மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், கடைசியில் பாரன். ஹாரிஸ் பட்டம் கடைசிப் படியைச் சேர்ந்தது. நம் ஊர்களில் பலர் வாங்கிய 'சர்' பட்டம் இந்த வரிசையில் சேராது. அது வாங்கியவரோடு முடிந்துவிடும். பாரன் பட்டம் அப்படியல்ல. அரசர் கொடுக்கும் சாசனத்தில் யார் வழியாக அது இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வழக்கமாக அது ஆண் வழி. தந்தைக்குப் பின் மூத்த மகன். மகன் இல்லாவிட்டால் அடுத்த ஆண் கிளை. மகள் இருந்தாலும் அவளுக்கு இல்லை. இந்தப் பட்டத்தை விற்கவும் முடியாது, உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

சித்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். கொச்சி அரச குடும்பத்தில் தந்தைக்குப் பின் மகன் பட்டத்துக்கு வருவதில்லை. தாய்வழியில் மூத்த ஆணுக்கே சிம்மாசனம். சாதாரணக் குடும்பங்கள் பலவற்றிலும் சொத்து தாய்வழியாகவே போயிற்று. மருமக்கத்தாயம் என்ற அந்த முறையின் மிச்சத்தையும் கேரளச் சட்டசபை 1975-இல் சட்டம் இயற்றி முடித்துவைத்தது. ஒரே காலத்தில் ஓர் ஊரில் மகனுக்கு, இன்னோர் ஊரில் சகோதரி மகனுக்கு. எது இயற்கை என்று யார் சொல்வது? அவரவர் எழுதிவைத்த விதிதான்.

சீமைப் பட்டத்தை வேண்டாமென்று விடுவதும் நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. டோனி பென் என்ற தொழிற் கட்சி எம்.பி.யின் தந்தை 1960-இல் இறந்தார். பட்டம் தானாக மகன் தலையில் இறங்கியது. பிரபு ஆகிவிட்டவர் சாதாரண மக்கள் சபையில் உட்காரக் கூடாது என்று அவருடைய இடம் போயிற்று. அவர் விடாமல் போராடினார். 1963-இல் சட்டம் மாறிய பிறகுதான் பட்டத்தைத் துறக்க வழி பிறந்தது.

டிரினிடாடிலிருந்து சென்னைக்கு

முதல் பிரபு 1829-இல் காலமானார். இரண்டாம் பிரபு, சிறு வயதில் தந்தையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டவர். பிடிபட்ட கொடிகளை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று மன்னரிடம் கொடுத்தவரும் அவரே. வாட்டர்லூவிலும் காயம் பட்டவர். அவர் 1845-இல் மறைய, பட்டம் பேரனுக்கு வந்தது. மூன்றாம் ஹாரிஸ் பிரபுவின் வாழ்க்கையில்தான் தமிழர்களின் கதை நேராக வந்து கலக்கிறது.

1846-இல் அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்குக் கவர்னராகப் போனார். அங்கே நீக்ரோ அடிமைகளுக்கு விடுதலை கிடைத்திருந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1845 மே 30-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் 200-க்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகளோடு அங்கே சேர்ந்தது. தொடர்ந்து வந்த கப்பல்களில் சில சென்னையிலிருந்து புறப்பட்டவை. அதில் போனவர்கள் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

முதல் ஆண்டுகள் கொடுமையானவை. தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் சீட்டு வேண்டும் என்று விதி போட்டார்கள். லண்டன் சர்க்கார் அந்த விதியை ஏற்கவில்லை. விதி போனபோது பாதுகாப்பும் போயிற்று. தோட்டங்களை விட்டுக் கிளம்பியவர்கள் நோயோடும் பசியோடும் சாலைகளில் கிடந்து மடிந்தார்கள். 1848-இல் ஆள் அனுப்புவதே நிறுத்தப்பட்டு, 1851-இல்தான் மறுபடி தொடங்கியது. அது 1917 வரை நீடித்தது. மொத்தம் சுமார் 1,44,000 பேர் டிரினிடாடுக்குப் போனார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர். தமிழர்கள் சிறு பங்குதான்.

ஹாரிஸ் அந்தத் தீவை வார்டுகளாகப் பிரித்து, வார்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஏற்பாடு செய்தார். சான் பெர்னாண்டோ நகரில் அவர் பெயரில் அமைந்த 'ஹாரிஸ் புரோமனேட்' என்ற பெருந்தெருவில் காந்தியடிகளின் சிலை நிற்கிறது.

1854-இல் அவர் சென்னைக்குக் கவர்னராக வந்தார். ஆள் போய் இறங்கிய துறையில் இருந்தவர், ஆள் ஏறிப் போகும் துறைக்கு வந்துவிட்டார். பாலக்காடும் மலபாரும் அவருடைய ஆட்சிக்குள் இருந்தன. சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யத்தின் தனித் துண்டாக நடுவே நின்றது. அவர் காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்வது பற்றிய விசாரணைக் கமிஷன் 1855-இல் அறிக்கை கொடுத்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் ஆகிய தண்டனைகள் நடந்தது உண்மை என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் போக்குவரத்து தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். அதே பாதை கோவையைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக 1862-இல் மேற்குக் கடற்கரையைத் தொட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கூவத்தின் மேல் கட்டிய ஹாரிஸ் பாலமும் அந்தக் காலத்ததே. அதை ஒட்டிய ஹாரிஸ் சாலை பிற்காலத்தில் ஆதித்தனார் சாலை ஆயிற்று.

டிரினிடாடில் 1851-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் நான்காம் ஹாரிஸ் பிரபு. கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர். இங்கிலாந்து அணித் தலைவர். 1879-இல் சிட்னியில் ரசிகர்கள் மைதானத்தில் புகுந்து கலாட்டா செய்தபோது அடி வாங்கியவர். 1890 முதல் 1895 வரை பம்பாய் கவர்னர். 1893-இல் பம்பாயில் வகுப்புக் கலவரம் நடந்தபோது உடனே நகருக்குத் திரும்பவில்லை என்று கண்டனத்துக்கு ஆளானார். பம்பாய்ப் பள்ளிகளின் ஹாரிஸ் கேடயப் போட்டி அவர் பெயரைச் சுமக்கிறது. 1988-இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் எடுத்தது அந்தப் போட்டியில்தான்.

பட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்

ஐந்தாம் பிரபு கவர்னர் பதவி எதையும் வகிக்கவில்லை. கடிகாரம் சேர்த்தார். பெல்மான்ட் மாளிகையில் 300-க்கும் மேற்பட்ட பழங்காலக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவர் 1984-இல் மறைந்தார். அடுத்த பிரபு 1995-இல் இறந்தபோது நேர் வாரிசாக மகன் இல்லை. பட்டம் சாசனத்தின்படி வேறு கிளை உறவினருக்குப் போயிற்று. மாளிகை அறக்கட்டளையின் பொறுப்பில் நிற்கிறது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்குகிறவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பணத்தில் வாங்கிய வீடும், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயரைச் சுமக்கும் பட்டமும் பிரிந்துவிட்டன.

பட்டத்தோடு சேர்ந்த அதிகாரமும் நிற்கவில்லை. ஹாரிஸ் அயர்லாந்துப் பட்டத்தை மறுத்துக் காத்திருந்தது பிரபுக்கள் சபை இடத்துக்காக என்றால், அந்த இடத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டே 1999-இல் பறித்தது. அந்த ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் விட்டுவைத்து மற்றவர்களை வெளியேற்றியது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து சரியாக 200 ஆண்டுகள்.

இந்தியர்களுக்கும் பரம்பரைப் பட்டங்கள் கிடைத்ததுண்டு. 1919-இல் வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர பிரசன்ன சின்ஹா பாரன் ஆனார். பரம்பரையாக அந்தப் பிரபு வரிசையில் சேர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. தமிழகத்தில் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-இல் 'செட்டிநாட்டு ராஜா' என்ற பட்டம் பரம்பரை உரிமையோடு கொடுக்கப்பட்டது. பட்டத்தைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. எஸ். சுப்பிரமணிய ஐயர் 'சர்' பட்டத்தை விட்டுவிட்டார். பாலக்காட்டை அடுத்த மங்கரையைச் சேர்ந்த சேற்றூர் சங்கரன் நாயர் பட்டத்தை விடவில்லை. ஆனால் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு 1919-இல் வைஸ்ராயின் நிர்வாக சபைப் பதவியை உதறினார். 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசாங்கம் பட்டம் கொடுப்பதையே நிறுத்தியது. 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது.

பரம்பரைப் பட்டம் என்பது ஒருவருடைய ஒரு நாள் வேலைக்காக அவருடைய பேரனுக்கும் பேரன் மகனுக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளம். அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வேலை செய்த மற்றவர்களுக்கு அந்தச் சம்பளம் இல்லை. கோட்டைச் சுவரில் ஏறிய சிப்பாய்களின் பெயர்கள் எந்தச் சாசனத்திலும் இல்லை. மூட்டை சுமந்தவர்கள், வண்டி மாடு ஓட்டியவர்கள் கணக்கிலேயே இல்லை.

டிரினிடாடுக்கும் பக்கத்து கயானாவுக்கும் கப்பலேறியவர்கள் கையில் இருந்ததும் ஒப்பந்தச் சீட்டு ஒன்றுதான். இறங்கிய இடத்தில் குமாஸ்தா காதில் விழுந்தபடி அவர்கள் பெயரை எழுதிக்கொண்டான். ராமசாமி 'ராம்சாமி' ஆயிற்று, முனிசாமி 'மூன்சாமி' ஆயிற்று. தமிழ் மறந்துபோன பேரப்பிள்ளைகள் அவற்றையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன. மன்னர் சாசனம் கிடையாது, மாளிகை கிடையாது, மூத்த மகனுக்கு மட்டும் என்ற விதியும் கிடையாது. மகளுக்கும் அதே பெயர்தான்.